அமெரிக்க பாஸ்போர்ட்டோட ஊருக்கு வந்து செட்டில் ஆயிட்டீங்களா? கான்சுலேட், டாக்ஸ், ஓட்டு வேலையெல்லாம் எப்படி முடிக்கறது

நியூ ஜெர்சியிலயோ டல்லாஸ்லயோ பதினஞ்சு இருபது வருஷம் இருந்து, அங்க சிட்டிசன்ஷிப்பும் வாங்கி, அப்புறம் அப்பா அம்மாவுக்கு வயசாயிடுச்சுனோ வேலை இங்க மாறிடுச்சுனோ சென்னை, கோயம்புத்தூர், திருச்சி பக்கம் திரும்பி வந்தவங்களுக்குத்தான் இது. கையில ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமகன் ஆயிட்ட இந்திய வம்சாவளிக்காரருக்கு இந்தியா குடுக்கறது) இருக்கு, ஆதாரும் வாங்கியாச்சு, காலையில பால் பாக்கெட் வாங்க லுங்கியோட போறோம், இனிமே அமெரிக்காவுக்கும் நமக்கும் என்னனு தோணும். சட்டப்படி பாத்தா நீங்க இந்தியாவுல வாழற ஒரு வெளிநாட்டுக்காரர், அமெரிக்காவைப் பொறுத்தவரைக்கும் நீங்க எங்க இருந்தாலும் அவங்க குடிமகன். ரெண்டு அரசாங்கத்துக்கும் பேப்பர் குடுக்கணும்.

இந்த வேலைகள் ரெண்டு வகை. பாஸ்போர்ட், குழந்தை பொறந்தா பதிவு, நோட்டரி இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படும்போது நீங்களா போய் கேக்கறது, லேட் ஆனா அலைச்சல், அவ்வளவுதான். வருஷா வருஷம் ரிட்டர்ன், பேங்க் அக்கவுன்ட் ரிப்போர்ட் இதெல்லாம் அவங்க உங்ககிட்ட எதிர்பாக்கறது, ஆனா யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. எல்லாரும் முதல் வகைக்குத்தான் பயப்படறாங்க. என்னைக் கேட்டா பயப்பட வேண்டியது ரெண்டாவதுக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி, வந்த உடனே

இன்னும் ஃப்ளைட் ஏறலைனா ஒரு விஷயம் அங்கயே முடிச்சுடுங்க. அமெரிக்க மொபைல் நம்பரை கேன்சல் பண்ணிடாதீங்க. அங்க இருக்கற பேங்க், ரிடையர்மென்ட் அக்கவுன்ட் எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். சின்ன பிளானா மாத்தி வச்சுக்கலாம், நிறைய பேர் கூகுள் வாய்ஸுக்கு மாத்திடறாங்க, ஆனா சில பேங்க் அந்த மாதிரி இன்டர்நெட் நம்பரை ஏத்துக்காது, அதனால மாத்தறதுக்கு முன்னாடியே உங்க பேங்க்ல கேட்டுக்கோங்க. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வெப்சைட்ல அக்கவுன்ட், சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு பென்ஷன்) வெப்சைட்ல அக்கவுன்ட், ரெண்டையும் அங்க இருக்கும்போதே திறந்து லாகின் ஆகுதானு பாத்துடுங்க. இங்க வந்து ஐடென்டிட்டி வெரிஃபை பண்ண உக்காந்தா அது தனி தலைவலி.

வந்த உடனே பண்ண வேண்டியது ஸ்டெப் பதிவு. ஸ்மார்ட் டிராவலர் என்ரோல்மென்ட் புரோகிராம்னு பேரு, அமெரிக்க வெளியுறவுத்துறை நடத்தறது, இலவசம். உங்க இமெயில், இங்க இருக்கற அட்ரஸ், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு குடுத்துட்டா வெள்ளம், புயல், கலவரம்னா கான்சுலேட்டுலருந்து மெயில் வரும். சென்னையில டிசம்பர் மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, அந்தமான், லட்சத்தீவு எல்லாத்துக்கும் அண்ணா சாலையில ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கற சென்னை கான்சுலேட்தான். நீங்க தேட வேண்டியது அங்க அமெரிக்கன் சிட்டிசன் சர்வீசஸ்னு ஒரு பிரிவு. வாசல்ல நிக்கற பெரிய க்யூ விசாவுக்கு, அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அதே மாதிரி விசா அப்பாயின்ட்மென்ட் வெப்சைட்ல போய் பணம் கட்டிடாதீங்க, சிட்டிசன்களுக்கான அப்பாயின்ட்மென்ட் தனி லிங்க்ல இருக்கு. உள்ள செல்போன், லேப்டாப், பெரிய பை எதையும் விடமாட்டாங்க, அதனால டாக்குமென்ட் எல்லாம் பேப்பர்ல இருக்கணும், போன்ல காட்டறேன்ங்கற கதையே கிடையாது. இன்னொண்ணு, அவங்களுக்கு அமெரிக்க லீவும் உண்டு இந்திய லீவும் உண்டு. ரெண்டு காலண்டரையும் பாத்துட்டு கிளம்புங்க.

பாஸ்போர்ட்

பெரியவங்களுக்கு 10 வருஷம், 16 வயசுக்குக் கீழ எடுத்ததுன்னா 5 வருஷம். எந்த ஃபார்ம்னு குழம்பறதுதான் பாதி பிரச்சனை, ஆனா விஷயம் சிம்பிள். பழைய பாஸ்போர்ட் 16 வயசுக்கு மேல எடுத்தது, 15 வருஷத்துக்குள்ள எடுத்தது, கிழியாம கையில இருக்குன்னா டிஎஸ்-82, அதாவது சாதா ரினியூவல், ஃபீஸ் 130 டாலர். முதல் தடவைன்னாலோ, குழந்தைன்னாலோ, தொலைஞ்சு போயிருந்தாலோ டிஎஸ்-11, நேர்ல போகணும். பெரியவங்களுக்கு 165 டாலர், 16 வயசுக்குக் கீழ 135 டாலர். தொலைஞ்சதுன்னா டிஎஸ்-64னு இன்னொரு ஃபார்ம் கூட. டிஎஸ்-11ல வீட்டுலயே கையெழுத்து போட்டுட்டு போகாதீங்க, ஆபீசர் முன்னாடிதான் போடணும்.

அமெரிக்காவுல இருக்கறவங்க ஆன்லைன்லயே ரினியூ பண்றாங்களேனு கேப்பீங்க. அது அமெரிக்க மண்ணுல இருக்கறவங்களுக்கு மட்டும்தான், இங்கருந்து முடியாது. புது புக்கு அங்க அச்சாகித்தான் வரும், அதனால டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் பாஸ்போர்ட்டை எடுத்து பாக்கற பழக்கத்தை விட்டுடுங்க. உண்மையான அவசரம்னா ஒரு வருஷம் செல்லுபடியாகற எமர்ஜென்சி பாஸ்போர்ட் குடுப்பாங்க, அதை அப்புறம் முழு பாஸ்போர்ட்டா மாத்திக்கலாம்.

போட்டோ ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச், வெள்ளை பேக்ரவுண்ட். நம்மூரு ஸ்டுடியோவுல யுஎஸ் விசா சைஸ்னு சொன்னா எடுத்துடுவாங்க. 2016 நவம்பர்லருந்து கண்ணாடி போட்டு எடுக்கக் கூடாது. முகத்தை வெள்ளையாக்கி, மருவை எல்லாம் அழிச்சு அழகு பண்ணித் தருவாரு ஸ்டுடியோக்காரர், அதைப் பண்ண வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க, டச்சப் பண்ணின போட்டோவ திருப்பி அனுப்பிடுவாங்க.

16 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்குன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் அமெரிக்காவுல மாட்டிக்கிட்டாருன்னா அவரு டிஎஸ்-3053 ஃபார்ம்ல நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு, ஐடி காப்பியோட அனுப்பி வைக்கணும். குழந்தையோட ரினியூவல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புது அப்ளிகேஷன் மாதிரிதான்.

பாஸ்போர்ட் மாறினா ஓசிஐ பக்கமும் ஒரு வேலை இருக்கு. 20 வயசு ஆகற வரைக்கும் ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அதோட காப்பியையும் புது போட்டோவையும் ஓசிஐ போர்ட்டல்ல ஏத்தணும், 20 முடிஞ்சு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது கார்டையே புதுசா வாங்கணும், 50 தாண்டினதும் ஒரு தடவை ஏத்தணும். அமெரிக்காவுக்குள்ள போக வர அமெரிக்க பாஸ்போர்ட்தான் காட்டணும், அது அந்த நாட்டு சட்டம்.

வரி பாக்கி பெரிய தொகையா இருந்தா பாஸ்போர்ட்டையே நிறுத்தி வைக்கலாம்னு 2015ல சட்டம் வந்துடுச்சு. 50,000 டாலர்னு ஆரம்பிச்ச வரம்பு விலைவாசிக்கேத்த மாதிரி வருஷா வருஷம் ஏறிட்டு வருது. குழந்தைக்குக் குடுக்க வேண்டிய ஜீவனாம்சம் 2,500 டாலருக்கு மேல பாக்கி இருந்தாலும் அதே கதிதான்.

இங்க குழந்தை பொறந்தா

இதுலதான் நிறைய பேர் தப்புக்கணக்கு போடறாங்க. அப்பாவோ அம்மாவோ சிட்டிசன்னா குழந்தை தானா சிட்டிசன்னு இல்ல. ரெண்டு பேரும் சிட்டிசன்னா யாராவது ஒருத்தர் எப்பவாவது அங்க குடியிருந்திருந்தா போதும். கல்யாணம் ஆன ஜோடியில ஒருத்தர் மட்டும்தான் சிட்டிசன்னா, அவரு குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி மொத்தமா 5 வருஷம் அமெரிக்க மண்ணுல உடம்பால இருந்திருக்கணும், அதுல 2 வருஷமாவது 14 வயசுக்கு அப்புறம். கிரீன் கார்டுல, எச்-1பி வேலை விசாவுல, எஃப்-1 படிப்பு விசாவுல இருந்த காலமும் இதுல சேரும், இது தெரியாம நிறைய பேர் சிட்டிசன் ஆன தேதியிலருந்து எண்ணிட்டு நமக்குக் கிடைக்காதுனு விட்டுடறாங்க. எதிர்ப்பக்கமும் உண்டு. அங்க பொறந்து மூணு வயசுல இங்க வந்து, எஸ்எஸ்என்லயோ பிஎஸ்ஜியிலயோ படிச்சு, இங்கயே வேலை பாக்கற பிள்ளை, பிறப்பால சிட்டிசனா இருந்தாலும் அந்த 5 வருஷம் கணக்கு இல்லைனா தன் குழந்தைக்கு பிறப்புலயே அதைக் குடுக்க முடியாது.

கணக்கு சரியா இருந்தா வாங்க வேண்டியது கான்சுலர் ரிப்போர்ட் ஆஃப் பர்த் அப்ராட், சுருக்கமா சிஆர்பிஏ. 100 டாலர். அப்ளிகேஷன் டிஎஸ்-2029. பிள்ளைக்கு 18 வயசு ஆகறதுக்குள்ள பண்ணணும், ஆனா முதல் சில மாசத்துலயே முடிச்சுடறது நல்லது, ஏன்னா ஆஸ்பத்திரி ரிக்கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அப்பதான் கையில இருக்கும். கூடவே பாஸ்போர்ட்டும் அப்ளை பண்ணிடலாம், ஒரே அலைச்சல்.

முதல்ல கார்ப்பரேஷன்லயோ முனிசிபாலிட்டியிலயோ பிறப்பு சான்றிதழ், அதுல குழந்தை பேரு கட்டாயம் இருக்கணும். நம்மூர்ல ஆஸ்பத்திரி 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடும், ஆனா பேரு காலியா கிடக்கும், நீங்கதான் போய் சேக்கணும். அப்பா அம்மா பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கானு பாருங்க. இங்க இனிஷியல், அங்க முழு அப்பா பேரு சர்நேமா இருக்கும், இந்த இனிஷியல் சமாச்சாரத்துல மாட்டாத தமிழ்க் குடும்பமே இல்ல. அடுத்து கல்யாண சர்டிபிகேட். பத்திரிகையும் மண்டபத்து போட்டோவும் பத்தாது, ரிஜிஸ்தரார் ஆபீஸ் சர்டிபிகேட் வேணும். அப்புறம் நீங்க அங்க இருந்ததுக்கு ஆதாரம், ஸ்கூல் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட், டபிள்யூ-2 (அங்க கம்பெனி குடுக்கற வருஷ சம்பள ஃபார்ம்), பழைய பாஸ்போர்ட் எல்லாம். பழைய இந்திய பாஸ்போர்ட்டை தூக்கிப் போட்டுடாதீங்க, எச்-1பி காலத்து முத்திரை எல்லாம் அதுலதான் இருக்கு.

ஒருத்தர் இந்திய சிட்டிசனா இருந்தா குழந்தை இந்திய சட்டப்படி பிறப்பால இந்தியனும்தான். ஆனா இந்தியா ரெட்டைக் குடியுரிமையை ஏத்துக்காது. அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துட்டீங்கன்னா அந்தக் குழந்தை பாஸ்போர்ட்ல இந்திய விசாவே இருக்காது, ஏன்னா உள்ள வந்ததே இல்லையே. அதனால ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டுக்காரங்களைப் பதிவு பண்ற இந்திய அரசு ஆபீஸ்) கிட்ட எக்சிட் பெர்மிட்டோ, இல்ல இங்கயே இருக்கப்போறீங்கன்னா ஓசிஐயோ வாங்கணும். இப்ப அந்த வேலை ஆன்லைன்ல இ-எஃப்ஆர்ஆர்ஓ போர்ட்டல்ல ஆரம்பிக்குது, ஆபீஸ் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல. சிஆர்பிஏ கையில வந்த சந்தோஷத்துல அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போடறவங்க இந்த இடத்துலதான் நிப்பாங்க.

நோட்டரி, அப்புறம் கான்சுலேட் பண்ணாத விஷயங்கள்

அமெரிக்காவுல வீடு விக்கறீங்க, பவர் ஆஃப் அட்டார்னி அனுப்பணும்னா கான்சுலேட்ல நோட்டரி பண்ணிக்கலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர், பத்து கையெழுத்துக்கு பத்து முத்திரைன்னா 500 டாலர், அதனால எத்தனை இடத்துல தேவைனு முன்னாடியே எண்ணிக்கோங்க. இந்தியா 2005லருந்து அப்போஸ்டில் (ஒரு நாட்டு டாக்குமென்ட்டை இன்னொரு நாடு ஏத்துக்கறதுக்கான முத்திரை) ஒப்பந்தத்துல இருக்கு, அதனால சில டாக்குமென்ட்டுக்கு லோக்கல் நோட்டரி போட்டு அப்போஸ்டில் வாங்கினா செலவு ரொம்பக் கம்மி, ஆனா அதை வாங்கிக்கற டைட்டில் கம்பெனி (அங்க வீட்டுப் பத்திர வேலை பாக்கற கம்பெனி) ஒத்துக்கணும், கேட்டுட்டு பண்ணுங்க. உங்க அமெரிக்க டிகிரி, பிறப்பு சான்றிதழுக்கு அப்போஸ்டில் வேணும்னா கான்சுலேட்ல கிடையாது, எந்த ஸ்டேட் குடுத்ததோ அந்த ஸ்டேட்டோட செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்தான்.

போலீஸ் புடிச்சா ஜாமீன் எடுத்துத் தருவாங்க, ஆஸ்பத்திரி பில் கட்டுவாங்கனு யாரோ சினிமா பாத்துட்டு சொல்லியிருப்பாங்க. அதெல்லாம் கிடையாது. 1963 வியன்னா ஒப்பந்தப்படி கைதான வெளிநாட்டுக்காரர் தன் கான்சுலேட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம், அவங்க வந்து பாப்பாங்க, வக்கீல் லிஸ்ட் குடுப்பாங்க, வீட்டுக்குத் தகவல் சொல்வாங்க. கேஸ் நடத்த மாட்டாங்க. பணமே இல்லாம மாட்டிக்கிட்டா ஊர் திரும்பற அளவுக்கு கடன் உண்டு, ஆனா அதைத் திருப்பிக் கட்டற வரைக்கும் முழு பாஸ்போர்ட் கிடைக்காது. நீங்க எழுதிக் குடுக்காம உங்களைப் பத்தி உங்க அண்ணன்கிட்டகூட பேச மாட்டாங்க, பிரைவசி சட்டம். தனியா இருக்கற வயசானவங்க அந்த அனுமதி ஃபார்ம், டிஎஸ்-5505, பத்தி தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

டாக்ஸ், இதுக்குத்தான் நேரம் ஒதுக்கணும்

உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் சிட்டிசன் ரிட்டர்ன் போடணும். இந்தியாவுல வரி கட்டிட்டேனே, டிடிஎஸ் புடிச்சுட்டாங்களேனு சொன்னா செல்லாது. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கேன்னு கேட்டா, அந்த ஒப்பந்தத்துலயே தன் குடிமகனுக்கு வரி போடற உரிமையை அமெரிக்கா விடாம வச்சிருக்கு. கடைசியில நிறைய பேருக்கு கட்ட வேண்டியது பூஜ்யம்தான் வரும், ஆனா அந்தப் பூஜ்யத்தை ஃபார்ம் போட்டு நீங்கதான் காட்டணும்.

தேதி முதல்ல. ஏப்ரல் 15 பொதுவானது, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு தானா ஜூன் 15 வரைக்கும், ஃபார்ம் 4868 போட்டா அக்டோபர் 15 வரைக்கும். ஆனா கட்ட வேண்டிய பணம் இருந்தா வட்டி ஏப்ரல் 15லருந்தே ஓடும். இங்க வருஷம் ஏப்ரல்-மார்ச், அங்க ஜனவரி-டிசம்பர், அதனால ஃபார்ம் 16ஐ அப்படியே எடுத்து போட முடியாது, மாசம் மாசமா சம்பள சீட்டு வச்சுதான் கணக்கு. சம்பள சீட்டையும் பேங்க் வட்டி ஸ்டேட்மென்ட்டையும் ஜனவரியிலயே எடுத்து வச்சுடுங்க.

இரட்டை வரி வராம இருக்க ரெண்டு வழி. ஃபார்ம் 2555, அதாவது வெளிநாட்டு சம்பளத்தை 2025 வருஷத்துக்கு 130,000 டாலர் வரைக்கும் விலக்கிக்கறது, இதுக்கு தொடர்ந்த 12 மாசத்துல 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளிய இருக்கணும், இல்ல இங்க நிரந்தரமா குடியிருக்கறதா காட்டணும். இன்னொண்ணு ஃபார்ம் 1116, இங்க கட்டின வரியை அங்க கழிச்சுக்கறது. வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் 2555தான் சொல்வாங்க, சுலபமா இருக்கும்னு. நல்ல சம்பளம் வாங்கி இங்க 30 சதவீத ஸ்லாப்ல வரி கட்டறவங்களுக்கு 1116 தான் பெரும்பாலும் நல்லதுங்கறது என் கருத்து. 2555 சம்பளத்துக்கு மட்டும்தான் உதவும், வட்டி, வாடகை, டிவிடெண்ட், பென்ஷனுக்கு ஆகாது. அதோட 2555 போட்டா குழந்தைகளுக்குத் திரும்பிக் கிடைக்கற டாக்ஸ் கிரெடிட்டும் போயிடும்.

சொந்தமா கன்சல்டிங், ஃப்ரீலான்ஸ் பண்றவங்க கவனிங்க. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் கிடையாது. அதனால வருமான வரி பூஜ்யம் ஆனாலும் 15.3 சதவீத செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் தனியா வரும், 2555 அதைக் குறைக்காது. ஃபைல் பண்ண வேண்டிய வரம்பு வெறும் 400 டாலர் லாபம். இந்திய சிட்டிசனைக் கல்யாணம் பண்ணி தனியா ஃபைல் பண்றவங்களுக்கு வரம்பு 5 டாலர். பிரிண்டிங் மிஸ்டேக் இல்ல, அஞ்சே டாலர்.

அடுத்து எஃப்பார். அமெரிக்காவுக்கு வெளிய, அதாவது இங்க இருக்கறதும் சேத்து, உங்க அக்கவுன்ட் எல்லாத்தையும் கூட்டினா வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டிச்சுன்னா ஃபின்சென் ஃபார்ம் 114 போடணும். இது வரி இல்ல, ரிப்போர்ட். ரிட்டர்னோட சேக்காம தனியா ஆன்லைன்ல, அதுக்குனு இருக்கற பிஎஸ்ஏ சைட்ல போடறது, காசு கிடையாது, ஏப்ரல் 15, தானா அக்டோபர் 15 வரைக்கும் நீளும். பத்தாயிரம் டாலர்ங்கறது எட்டரை ஒன்பது லட்சம் ரூபா, ஒரு எஃப்டி போட்டாலே வந்துடும். இதுல நம்ம குடும்பங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு. அப்பா தன் ரிடையர்மென்ட் பணத்தை பேங்க்ல போட்டு, பாதுகாப்புக்கு உங்க பேரையும் ஜாயின்ட்டா சேத்து வச்சிருப்பாரு. அது அவரு பணம்தான், வட்டியும் அவருக்குத்தான், ஆனா உங்க பேரு இருக்கறதால முழு தொகையும் உங்க எஃப்பார்ல வரணும். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல பொருளாளரா செக்ல கையெழுத்து போடறீங்களா, அந்த அக்கவுன்ட்டும் சேரும். வீடு, நிலம், லாக்கர் நகை இதெல்லாம் எஃப்பார்ல வராது. ஆனா வீட்டு வாடகை வருமானமா ரிட்டர்ன்ல வரும். ஒவ்வொரு அக்கவுன்ட்டுலயும் அந்த வருஷம் இருந்த அதிகபட்ச தொகையை எடுத்து, டிசம்பர் 31 ட்ரெஷரி ரேட்ல டாலராக்கிப் போடுங்க.

அக்கவுன்ட், ஷேர் மாதிரி வெளிநாட்டு நிதிச் சொத்து பெருசுன்னா ஃபார்ம் 8938ம் உண்டு. வெளிநாட்டுல இருக்கற தனி ஆளுக்கு வருஷக் கடைசியில 200,000 டாலரோ நடுவுல எப்பவாவது 300,000 டாலரோ தாண்டினா, சேந்து ஃபைல் பண்ற தம்பதிக்கு 400,000, 600,000. எஃப்பார் போட்டாச்சேனு இதை விட முடியாது, ரெண்டும் வேற. மறைச்சா தெரியாதுன்னும் நினைக்காதீங்க, 2015 ஜூலையில ரெண்டு நாடும் ஃபாட்கா (அமெரிக்கர்களோட வெளிநாட்டு அக்கவுன்ட் தகவலை ஐஆர்எஸ்ஸுக்குக் குடுக்கறது) ஒப்பந்தம் போட்டாச்சு, இங்க பேங்க்ல கேஒய்சிக்கு ஃபாட்கா டிக்ளரேஷன் கேக்கறது அதுக்குத்தான். பொறந்த இடம் அமெரிக்கான்னு பாஸ்போர்ட்ல இருந்தாலே அவங்க சிஸ்டத்துல கொடி ஏறிடும்.

என்ஆர்இ (வெளிநாட்டுல வாழறவங்களுக்கான இந்திய பேங்க் அக்கவுன்ட்) வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, அமெரிக்காவுல உண்டு. அதுவும் இங்கயே குடியேறி வந்துட்டா என்ஆர்இ அக்கவுன்ட்டை சாதாரண அக்கவுன்ட்டாவோ, திரும்பி வந்தவங்க வெளிநாட்டுப் பணத்துலயே வச்சுக்கற ஆர்எஃப்சி அக்கவுன்ட்டாவோ மாத்தணும்.

மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்தை அழுத்திச் சொல்றேன், எஸ்ஐபி ஆரம்பிக்காதீங்க. பேங்க் ரிலேஷன்ஷிப் மேனேஜர் முதல் நாளே ஃபார்மோட வருவாரு, நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கு பிஃபிக்னா என்னனு தெரியாது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் ஐஆர்எஸ் கண்ணுல பிஃபிக், அதாவது கடுமையா வரி போடற வெளிநாட்டு முதலீட்டு கம்பெனி. விக்கும்போது வர்ற லாபத்தை வச்சிருந்த வருஷங்களுக்கெல்லாம் பிரிச்சு, அந்தந்த வருஷத்து உச்ச ரேட்ல வரி, மேல வட்டி. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனி ஃபார்ம் 8621. அதைப் போட ஆடிட்டருக்குக் குடுக்கற காசுலயே லாபம் கரைஞ்சுடும். எஃப்டி, நேரடியா கம்பெனி ஷேர், இல்ல அமெரிக்க புரோக்கர்கிட்ட இருக்கற பழைய அக்கவுன்ட்டு, இதோட நிறுத்திக்கோங்க. ஏற்கனவே வாங்கி வச்சிருந்தா ரெண்டு நாட்டு வரியும் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டிட்டு அப்புறம் வித்துக்கோங்க, அவசரப்படாதீங்க.

அம்மா அப்பா இங்க நிலத்தை வித்து உங்களுக்கு வருஷத்துல 100,000 டாலருக்கு மேல குடுத்தாலோ, அவங்க காலத்துக்கப்புறம் சொத்து வந்தாலோ ஃபார்ம் 3520. வரி இல்ல, தகவல்தான், ஆனா போடலைனா அபராதம் தொகையில 25 சதவீதம் வரைக்கும் போகும். ஒரு பைசா வரி இல்லாத விஷயத்துக்கு இவ்ளோ பெரிய அபராதம்ங்கறது எனக்கு இன்னும் ஜீரணம் ஆகல.

பல வருஷமா எதுவுமே போடலையா? பயந்து ஓடி ஒளிய வேணாம். தெரியாம விட்டதுன்னா ஸ்ட்ரீம்லைன்டுனு ஒரு வழி வச்சிருக்காங்க. 3 வருஷ ரிட்டர்ன், 6 வருஷ எஃப்பார், ஏன் விட்டுப் போச்சுனு உண்மையா எழுதின ஃபார்ம் 14653. அந்த 3 வருஷத்துல ஒரு வருஷமாவது அங்க வீடு இல்லாம 330 நாள் வெளிய இருந்திருந்தா அபராதம் கிடையாது. அவங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களா போகணும், அதான் முக்கியம்.

இந்தியப் பக்கமும் ஒண்ணு இருக்கு. திரும்பி வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் பெரும்பாலும் ஆர்என்ஓஆர் (இங்க இருந்தாலும் வரிக்கு இன்னும் முழு உள்ளூர்க்காரரா எடுத்துக்காத நிலை) கிடைக்கும், அதுவரைக்கும் அமெரிக்க வருமானத்துக்கு இங்க வரி இல்ல. அது முடிஞ்சதும் 401கே (அங்க வேலையில சேத்த ரிடையர்மென்ட் அக்கவுன்ட்), அமெரிக்க பேங்க், ஷேர் எல்லாத்தையும் இங்க ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துக்குனு இருக்கற ஷெட்யூல் எஃப்ஏல காட்டணும், காட்டலைனா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. ரெண்டு ஆடிட்டர் வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசற மாதிரி பாத்துக்கோங்க.

ரிடையர் ஆனவங்களுக்கு

சோஷியல் செக்யூரிட்டி பணம் இந்தியாவுல இருந்தாலும் வரும், ஒப்பந்தப்படி அதுக்கு அமெரிக்காவுல மட்டும்தான் வரி, இங்க கிடையாது. நிறைய லோக்கல் ஆடிட்டருக்கு இது தெரியாது, ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தோட 20வது பிரிவைக் காட்டுங்க. உயிரோட இருக்கீங்களானு கேட்டு எஸ்எஸ்ஏ-7162னு ஒரு ஃபார்ம் தபால்ல வரும், நிரப்பி அனுப்பலைனா பணம் நின்னுடும். தபால்காரர் கேட்டுல சொருகிட்டுப் போற விளம்பர நோட்டீஸோட அதுவும் குப்பைக்குப் போயிடாம பாத்துக்கோங்க.

மெடிகேர் (வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்) இங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் செல்லாது. அதுல டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் வீணா கட்டறோமேனு நிறுத்தினா, பின்னாடி திரும்பப் போகும்போது விட்ட ஒவ்வொரு 12 மாசத்துக்கும் 10 சதவீதம் ஏத்தி வாங்குவாங்க, அதுவும் காலத்துக்கும். திரும்பப் போற எண்ணம் கொஞ்சமாவது இருந்தா கட்டிட்டே இருங்க. இங்க தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்.

ஓட்டு, செலக்டிவ் சர்வீஸ், ஜூரி

ஓசிஐக்கு இங்க ஓட்டு இல்ல, அங்க உண்டு. 1986 சட்டப்படி வெளிநாட்டுல இருக்கற சிட்டிசன் கடைசியா குடியிருந்த ஸ்டேட்ல ஓட்டுப் போடலாம், அங்க இப்ப வீடே இல்லைனாலும் சரி. ஒவ்வொரு ஜனவரியும் எஃப்பிசிஏ, அதாவது ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன், போட்டுடுங்க. பதிவும் ஓட்டுச்சீட்டு கேக்கறதும் ஒரே ஃபார்ம்ல முடியும். 2009ல வந்த சட்டப்படி தேர்தலுக்கு 45 நாள் முன்னாடி சீட்டு அனுப்பணும், 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு செப்டம்பர் 19க்குள்ள அனுப்பியிருக்கணும். வரலைனா எஃப்டபிள்யூஏபினு ஒரு அவசரச் சீட்டு இருக்கு, பேரை நீங்களே எழுதி அனுப்பலாம். சில ஸ்டேட் மெயில்ல, ஃபேக்ஸ்ல திருப்பி வாங்கிக்கும், சில ஸ்டேட் தபால்தான். கான்சுலேட்ல குடுத்தாலும் அனுப்புவாங்க, ஆனா வாரக்கணக்கு ஆகும். பிரசிடெண்ட், செனட், ஹவுஸ் மாதிரி ஃபெடரல் பதவிக்கு மட்டும் ஓட்டுப் போட்டா அதை வச்சு ஸ்டேட் டாக்ஸ் கேக்க முடியாது. கவர்னருக்கும் லோக்கலுக்கும் சேத்துப் போட்டா கலிபோர்னியா மாதிரி ஸ்டேட் நீ இன்னும் எங்க ஆளுதானேனு கேக்க வாய்ப்பிருக்கு.

பையன் இருந்தா 18 முடிஞ்ச 30 நாளுக்குள்ள செலக்டிவ் சர்வீஸ்ல (தேவைப்பட்டா ராணுவத்துக்கு ஆள் எடுக்க அமெரிக்க அரசு வச்சிருக்கற பட்டியல்) பேரு இருக்கணும், இங்கயே வளந்தவனா இருந்தாலும். பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போறது இல்ல இது, 1973க்கு அப்புறம் யாரையும் கட்டாயமா எடுக்கல. ஆனா 26 தாண்டிட்டா பதிவு பண்ணவே முடியாது, பின்னாடி ஃபெடரல் வேலைக்குப் போகும்போது இடிக்கும். ஜூரி நோட்டீஸ் (கோர்ட்ல தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழுவுக்கு வரச்சொல்றது) பழைய அட்ரஸுக்கு வந்தா குப்பையில போடாம, வெளிநாட்டுல குடியிருக்கேன்னு பதில் போட்டு விலக்கு கேளுங்க.

சிட்டிசன்ஷிப்பை விட்டுடலாமானு யோசிக்கறவங்களுக்கு

டாக்ஸ் பகுதியைப் படிச்சுட்டு பாதிப் பேருக்கு இந்த எண்ணம் வந்திருக்கும். கான்சுலேட்டுக்கு நேர்ல போய் ஆபீசர் முன்னாடி உறுதிமொழி எடுக்கணும், பிள்ளைங்க சார்புல அப்பா அம்மா விட முடியாது. கடைசி 5 வருஷ ரிட்டர்ன் எல்லாம் சரியா இருக்குனு ஃபார்ம் 8854ல சத்தியம் பண்ணணும், அது இல்லைனாலோ சொத்து மதிப்பு 20 லட்சம் டாலர் தொட்டாலோ எல்லாத்தையும் அன்னைக்கே வித்த மாதிரி கணக்கு போட்டு எக்சிட் டாக்ஸ் வரும். அதைவிட முக்கியம், ஓசிஐ குடியுரிமை கிடையாது. அமெரிக்கக் குடியுரிமையை விட்டுட்டா உங்களுக்கு எந்த நாடும் இல்ல. முதல்ல இந்தியக் குடியுரிமைக்கு வழி பாக்கணும், அதுக்கு ஓசிஐ வாங்கி 5 வருஷம் ஆகியிருக்கணும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி 12 மாசம் இங்கயே இருந்திருக்கணும். அதனால ரெண்டு பக்க வக்கீலையும் பாக்காம கான்சுலேட்ல தேதி கேக்காதீங்க.